முதலில் ஒரு லேஞ்சி

அவன் சேட்டுத் தைக்கத் துணி வாங்கப் போனால், முதலில் அதே துணியில் ஒரு லேஞ்சி, அதாவது கைக்குட்டை, அளவுக்கு வெட்டித் தரும்படி கடைக்காரரிடம் கேட்பான். அதை விடுதிக்குக் கொண்டுவந்து சவர்க்காரம் போட்டுத் தோய்ப்பான். வெயிலில் காயவிட்டு மறுபடியும் தோய்ப்பான். சாயம் போகவில்லை, துணி சுருங்கவில்லை என்று கண்ட பிறகுதான் சேட்டுக்குத் துணி எடுக்கப் போவான். பெரும்பாலும் அதற்குள் கடையில் அந்தத் துணி முடிந்திருக்கும். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும்போது அவனிடம் மூன்று சேட்டுகளும் பதினொரு லேஞ்சிகளும் இருந்தன. ஒரே அறையில் இருந்ததால் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

பெயரை எழுதப் போவதில்லை. பிற்காலத்தில் ஊரில் அவனை எஞ்சினியர் நானா, அதாவது எஞ்சினியர் அண்ணன், என்றார்கள். அது போதும்.

எழுபதுகளின் நடுவில் மன்னாரிலிருந்து இரசாயனப் பொறியியல் படிக்கப் போனவர்கள், எனக்குத் தெரிந்து, நாங்கள் இரண்டு பேர்தான். கீரியிலிருந்து நான், சிலாவத்துறைக்கும் கொண்டச்சிக்கும் இடையில் இருந்த ஒரு சிறிய ஊரிலிருந்து அவன். கொழும்புக்குத் தெற்கே இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர். நாங்கள் என்ன படிக்கிறோம் என்பது இரண்டு வீட்டாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. கோயிலில் விசாரித்தவர்களிடம் என் தாயார், பொடியன் மருந்து கலக்கப் படிக்கிறான் என்று சொல்லிவந்தார். அவனுடைய வாப்பா இரண்டு வள்ளம் வைத்திருந்தவர். முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவனைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் வள்ளத்து இயந்திரத்தைக் காட்டினாராம்.

"ஸ்டார்ட் எடுக்குதில்ல. என்ன எண்டு பார்."

"வாப்பா, நான் படிக்கிறது கெமிக்கல். இது வேற."

"எஞ்சினைப் பாக்கத் தெரியாத எஞ்சினியரை எதுக்கு அரசாங்கம் சோறு போட்டுப் படிப்பிக்குது?"

அவன் ஒரு சிரட்டையை எடுத்து, எண்ணெய்த் தாங்கியிலிருந்து கொஞ்சம் வடித்து, நிழலில் வைத்தான். சற்று நேரத்தில் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. எண்ணெயை மாற்றியதும் இயந்திரம் ஓடியது. வாப்பாவுக்கு அதிலும் மனநிறைவில்லை. "தாங்கி நிறையக் கிடக்குது, இவன் சிரட்டையில பாக்கிறான்" என்று கரையில் நின்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவனே எனக்கு இதைச் சொன்னான். தகப்பன் தன்னைக் கேலி செய்ததாக அவன் நினைக்கவில்லை. நடந்ததைச் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்றுதான் நினைத்தான்.

இரண்டாம் வருடத்தில் சவர்க்காரம் செய்யும் செய்முறை வகுப்பு நடந்தது. குழுவுக்கு ஒரு வாளி தேங்காயெண்ணெய், நிறுத்து வைத்த கோஸ்டிக் சோடா. மற்றக் குழுக்கள் கலக்கத் தொடங்கிவிட்டன. எங்கள் குழுவில் அவன் ஒரு தேக்கரண்டி எண்ணெயை மட்டும் சிறு கண்ணாடித் தட்டில் விட்டு, சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டுக்கொண்டிருந்தான். வாளியைத் தொட எங்களை விடவில்லை. வகுப்பு முடிகிறபோது மற்றவர்களின் அச்சுகளில் சவர்க்காரம் இறுகிக்கொண்டிருந்தது. எங்கள் தட்டில் நகத்தளவு வெள்ளையாக ஏதோ இருந்தது. விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, இதால ஒரு எலி முகம் கழுவலாம்" என்றார்.

"ஓம் சேர். எலிக்கு ஒண்டும் ஆகாட்டில் பிறகு மனுசர் கழுவலாம்."

எங்கள் குழுவில் நாலு பேருக்கும் புள்ளி குறைந்தது. மற்றக் குழு ஒன்று செய்த சவர்க்காரத்தில் காரம் கூடி, அதைப் பாவித்தவர்களுக்கு உள்ளங்கை உரிந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அதற்காக எங்களுக்குப் புள்ளி கூட்டித் தரவில்லை.

சிறியதைப் பெரியதாக்குவது எங்கள் படிப்பின் மையமான விடயம். ஆய்வுகூடத்தில் போத்தல் அளவில் ஒழுங்காக நடப்பது, தொழிற்சாலையில் அறை அளவான கலத்தில் நடக்கும் என்று சொல்ல முடியாது. கலம் பெருக்கப் பெருக்க உள்ளே பிறக்கும் சூடு வேகமாகக் கூடும். அதை வெளியே விடுகிற சுவரின் பரப்பு அந்த அளவுக்குக் கூடாது. கடைசி வருடத்தில் இதை எனக்கு விளங்கவைத்தவன் அவன்தான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்.

"சட்டியில பதமாய் வேகிற சோறு, அதே கணக்குக்கு அரிசியும் தண்ணியும் போட்டும் கந்தூரி விருந்துக் கிடாரத்தில ஏன் குழையுது? சொல்லு பாப்பம்."

"சமைக்கிற ஆள் வேற."

"ஆளை விடு. இறக்கி வைச்ச பிறகும் கிடாரத்துக்குள்ள சூடு வெளிய போக வழியில்லாமல் நிக்குது. அடுப்பு அணைஞ்சும் சோறு வெந்துகொண்டே இருக்குது, மச்சான்."

அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே கூடிய புள்ளி அவனுக்கு. பின்னால் நடந்ததை வைத்துப் பார்க்கும்போது இது முக்கியம்.

வகுப்பிலிருந்த இருபத்திரண்டு பேரும் எங்கே போனார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். சீனி, கடதாசி, டயர், பெயின்ற், பால்மா, சவர்க்காரம் என்று உள்நாட்டில் ஒன்பது பேர். வங்கியில் இரண்டு பேர். அவர்கள் படித்ததில் ஒரு வரிகூடப் பயன்பட்டிருக்காது. வெளிநாட்டில் அவனோடு சேர்த்துப் பத்துப் பேர். ஒருவர் குருவானவர் ஆகிவிட்டார். நான் ஓய்வு பெறும்வரை சவர்க்காரத்தோடு இருந்தேன். அவன் வளைகுடா நாடொன்றுக்குப் போனான். கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலை. அதன் பக்கத்தில், மாட்டுவண்டி அளவில், அதே ஆலையின் சின்னப் பிரதி ஒன்று இருந்ததாம். எந்த மாற்றத்தையும் முதலில் அதில்தான் செய்து பார்ப்பார்கள். அவனை அங்கே போட்டார்கள். கூடப் போனவர்கள் பெரிய ஆலைக்கு மாறிப் பதவி உயர்ந்தார்கள். இவனை இரண்டு முறை கூப்பிட்டும் போகவில்லை. இருந்த காலமெல்லாம் அந்த மாட்டுவண்டியோடுதான் இருந்தான்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வெளியேறச் சொன்னார்கள். அவனுடைய வாப்பா, உம்மா, மனைவி எல்லோரும் ஊரோடு ஊராகக் கையில் எடுத்ததோடு புத்தளத்துக்குப் போனார்கள். நான் கொழும்பில் பத்திரிகையில் படித்தேன். அவன் வேலையை விட்டு வந்து, புத்தளத்தில் மனைவியின் பெயரில் ஒரு வீடு கட்டி, தேங்காயெண்ணெய் ஆலை ஒன்றில் சேர்ந்தான். மனைவி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். வீட்டைக் கட்டுவதற்கு முன் அதே கல்லிலும் சாந்திலும் ஒரு கோழிக்கூடு கட்டி, ஒரு மழை பார்த்தான் என்று மனைவி எனக்குச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"நல்ல காலம் அண்ணன், என்னைக் கட்டுறதுக்கு முதல் என்ர தங்கச்சியக் கட்டி ஒரு வருசம் பாக்கேல்ல."

"தங்கச்சிக்கு அப்பவே கலியாணம் முடிஞ்சிருந்தது" என்றான் அவன், சோற்றிலிருந்து தலையை எடுக்காமல்.

வாப்பாவும் உம்மாவும் புத்தளத்து மையவாடியிலேயே அடங்கினார்கள்.

போர் முடிந்த பிறகு, அவனுடைய ஊர்க்காரர் திரும்பிப் போவதா விடுவதா என்று பள்ளிவாசலில் கூடிப் பேசினார்கள். நாற்பத்தொரு குடும்பம். ஊர் இருந்த இடத்தில் உடைமரக் காடு. வீடுகளில் சுவரே இல்லை. பெரியவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவன் எழுந்து, "முதலில நான் ஒருத்தன் போய் இருந்து பாக்கிறன். ஒரு மாரி, ஒரு கோடை. சரியெண்டால் சொல்லுறன், வாங்கோ" என்றான். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவன் மனைவிக்கு மட்டும் படவில்லை. நான் அந்தக் கிழமை புத்தளத்தில் நின்றேன். அந்தப் பேச்சை நேரில் கேட்டேன்.

"நீங்க அங்க இருக்கப் போகேல்ல. பாக்கப் போறீங்க" என்றார் அவர். "சரிவராட்டில் திரும்பி வாறதுக்கு இஞ்ச ஒரு வீடு வேணும். அதுக்கு நான் காவல். அப்பிடித்தானே?"

"இருக்கேலுமோ எண்டு பாத்திட்டுத்தானே உன்னைக் கூப்பிடலாம்."

"பாத்திட்டு இருக்கிறதுக்கு அது என்ன வாடகை வீடா? உங்கட வாப்பா பிறந்த ஊர். நீங்க எப்ப இருக்கிறதெண்டு முடிவெடுக்கிறீங்களோ, அப்ப நான் வாறன். அதுவரைக்கும் என்னையும் வைச்சுப் பரிசோதனை செய்யாதீங்க."

அவன் ஒரு கூடாரச் சீலை, இரண்டு பானை, வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த உப்பு அளக்கும் கருவி ஆகியவற்றோடு தனியாகப் போனான்.

நான் ஓய்வுபெற்றுக் கீரிக்குத் திரும்பியிருந்த காலம் அது. மன்னார் பட்டினத்தில் பஸ் ஏறி அரிப்பு வழியாகப் போய் அவனைப் பார்ப்பேன். இருக்கைகளை விடத் துளைகள் கூடிய பஸ். என் முழங்காலுக்கு அது ஒத்துவரவில்லை, இருந்தாலும் போனேன். வாப்பாவின் பழைய கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியிருந்தான். காலையும் மாலையும் ஒரு வாளி அள்ளி, கருவியை விட்டு உப்பைப் பார்ப்பான். மாரியில் நல்ல தண்ணீர். கோடையிலும் நல்ல தண்ணீர். பங்குனி வெயிலிலும் எனக்கு அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டுத் தந்தான். குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யானை வரவில்லை, ஆமிக்காரர் தொந்தரவு தரவில்லை, பக்கத்துத் தமிழ் ஊரிலிருந்து ஒருவர் கீரைக்கட்டோடு வந்து விசாரித்துப் போனார். அவன் புத்தளத்துக்குச் செய்தி அனுப்பினான். நாற்பத்தொரு குடும்பமும் வந்தன. மனைவி வரவில்லை.

ஒரு தொண்டு நிறுவனம் கிணற்றுக்கு மோட்டர் பூட்டி, உயரத்தில் தண்ணீர்த் தாங்கி கட்டி, குழாய் இழுத்துக் கொடுத்தது. பெண்கள் ஆளுக்கொரு குடத்தோடு குழாயடியில் நின்று சிரித்த நாளில் நானும் அங்கே இருந்தேன். அடுத்த கோடையில் ஒரு பெண் அவனுடைய தகரக் கொட்டிலுக்கு வந்து, "நானா, பருப்பு அவியுதில்ல" என்றாள். பருப்பு பழசாக இருக்கும் என்றான் அவன். பின்னேரம் இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள். அவன் உப்புக் கருவியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

நான் போனபோது கிணற்றுக் கட்டின் மேல் இருந்தான். முகம் சவரம் செய்திருக்கவில்லை.

"இந்தப் பக்கம் நல்ல தண்ணி மெல்லிசாய்த்தான் கிடக்குது, மச்சான்" என்றான். "கறிக்கு மேல எண்ணெய் நிக்கிற மாதிரி. கீழ முழுக்கக் கடல் தண்ணி. நான் ஒருத்தன் அகப்பையால மெல்லமாய் எடுத்தன், எண்ணெய் மட்டும் வந்திது. இப்ப மோட்டர் போட்டுக் கிண்டுறம். குழம்பு மேல வருகுது."

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். அவனே தொடர்ந்தான்.

"சின்னதில நடக்கிறது பெரிசில நடக்காது. இதைத்தானே படிச்சனாங்கள். எழுதிப் புள்ளியும் எடுத்தனான்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, தகரப் பள்ளிவாசலுக்கு முன்னால் எல்லோருக்கும் சொன்னான். நானும் ஓரமாய் நின்றேன். தன் கணக்குப் பிழை, தண்ணீரில் பிழை இல்லை, தன்னை நம்பி வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னான். மோட்டரைக் கழற்ற வேண்டும். ஆழக் கிணறு வேண்டாம். நல்ல தண்ணீரின் மேற்பரப்பை மட்டும் தொடுகிற மாதிரி, ஆழமில்லாமல், ஊர் முழுக்கப் பரவலாக நிறையக் கிணறுகள் வேண்டும். கையால்தான் அள்ள வேண்டும். இளம் பொடியன்கள் எதிர்த்தார்கள்.

"எஞ்சினியர் படிப்புப் படிச்ச நானா, மோட்டரைக் கழட்டி வாளியைத் தாறார்" என்றான் ஒருவன். "அடுத்த வருசம் மண்ணெண்ணெய் விளக்குத் தருவார்."

"விளக்கு உன்ர மாமி வீட்டில இருக்குது, நீ வாளியைப் பிடி" என்றார் பள்ளித் தலைவர். வயதானவர், எஞ்சினியரின் வாப்பாவோடு கடலுக்குப் போனவர். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "எப்ப தொடங்கிறது மகன்?"

அவன் வழக்கம்போலச் சொன்னான். "முதலில ஒரு கிணறு வெட்டுவம். ஒரு கோடை—"

"ஒரு கோடை பாத்து முடிக்கிற நேரம் இஞ்ச குடிக்க ஆள் இருக்காது. ஆறு குடும்பம் சாமான் கட்டிட்டுது. திரும்பிப் போனால் இனி ஒரு நாளும் வராதுகள். ஒண்டொண்டாய் வெட்டிப் பாக்க நேரமில்ல."

கூட்டம் அவனைப் பார்த்தது. வாழ்நாளில் அவன் ஒரு காரியத்தை ஒத்திகை பாராமல் முழு அளவில் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கூட்டத்தில் அவனுக்குத் தெரிந்த மாதிரி வேறு ஒருவருக்கும் தெரியாது, இதில் எத்தனை வழியில் பிழை வரலாம் என்று. வெயிலில் நின்றுகொண்டே தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "எல்லாத்தையும் ஒண்டாய் வெட்டுவம்" என்றான். குரல் வழக்கத்தை விடச் சின்னதாக இருந்தது. "பதினெட்டு இடம் காட்டுறன். நாளைக்கே தொடங்குங்கோ."

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பதினெட்டில் மூன்று கிணறுகள் உவர்த்துப்போய்க் கைவிடப்பட்டன. பதினைந்து இன்றைக்கும் பாவனையில் இருக்கின்றன. ஆறு குடும்பங்களில் இரண்டு திரும்பிப் போயின. ஆனால் மண்வெட்டியை எடுத்தபோது இவை எதுவும் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. இரவில் நித்திரை இல்லை என்று அவனே சொன்னான்.

வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது, நானும் அங்கே நின்ற ஒரு முற்பகல், புத்தளத்துப் பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு லொறி வந்தது. சாரதிக்குப் பக்கத்தில் அவன் மனைவி இருந்தார். பின்னால் கட்டில் இரண்டு, கதிரை ஆறு, தையல் மெசின், அம்மி, கூடையில் கோழிகள், கயிற்றால் வரிந்து கட்டிய தேக்கு அலுமாரி ஒன்று. அவன் இடுப்பளவு குழிக்குள் நின்று சீமெந்து வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏறி வந்து லொறியைச் சுற்றிப் பார்த்தான்.

"முழுச் சாமானுமா?"

"ஓம். வீட்டைக் குடுத்திட்டன். என்ர பேரிலதானே இருந்தது."

"வித்திட்டியா?" அவன் குழியைத் திரும்பிப் பார்த்தான். "தண்ணி எப்பிடி வரும் எண்டு இன்னும் தெரியாது. இதெல்லாம் உவர்த்தால்..."

"தெரியாமலே எல்லாத்தையும் வெட்டச் சொல்லிட்டீங்களாம். புத்தளம் முழுக்க ஃபோன்ல அதுதான் கதை. அதைக் கேட்டுத்தான் வந்தனான்." அவர் சாரதியைப் பார்த்தார். "தம்பி, கயிறை அவிழும். அலுமாரியை முதல்ல இறக்கும்."

பொடியன்கள் நாலு பேர் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு கொட்டில் வாசலுக்குப் போனார்கள். வாசலில் அது நின்றுவிட்டது. சரித்தார்கள், படுக்கவைத்தார்கள், திரும்ப நிமிர்த்தினார்கள். தகரச் சட்டத்தை விட அலுமாரி ஒரு சாண் அகலம். அவன் கை சட்டைப் பைக்குள் அளவுநாடாவைத் தேடிப் போனதைக் கண்டேன். மனைவி வாசலுக்கு வெளியே, வெயிலில், கோழிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்.

அவன் கையை வெறுமையாக வெளியே எடுத்தான்.

"தகரம் வெட்டுற கத்தரியைக் கொண்டாங்கோ" என்றான்.

அளக்கவில்லை. கரிக்கோடும் போடவில்லை. வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் மேலிருந்து கீழாகத் தானே வெட்டத் தொடங்கினான். பழைய தகரம் கீச்சென்று பிளந்து மடிந்தது.

"இன்னும் கொஞ்சம் அகலமாய்" என்றார் அவன் மனைவி.